ஜிஆர்இ தேர்வுக்கு ஆங்கிலச் சொல்வளம்: புதிதாகத் தொடங்குவோர்க்கு ஒரு வழிகாட்டி

மேற்படிப்பு நுழைவுக்காக ஜிஆர்இ எழுத முடிவு செய்பவர் பெரும்பாலும் முதலில் தேடுவது ஒரு சொற்பட்டியலைத்தான். அகர வரிசையில் அடுக்கிய ஆயிரம் சொற்களும் அவற்றுக்கு எதிரே ஒருவரிப் பொருளும் கையில் இருந்தால் பாதி வேலை முடிந்துவிட்டது போலத் தோன்றும். இரண்டு வாரங்களுக்குப் பிறகு 'ஏ' எழுத்தில் தொடங்கும் சொற்கள் மட்டும் பளிச்சென்று நினைவிருக்கும்; 'சி'யைத் தாண்டுவதற்குள் பட்டியல் மூலைக்குப் போயிருக்கும். தேர்வு எதைக் கேட்கிறது என்று பார்ப்பதற்கு முன்பே மனப்பாடத்தைத் தொடங்கிவிடுவதால் நேர்வது இது. ஆகவே இந்த வழிகாட்டி பட்டியலிலிருந்து தொடங்காமல் வினாத்தாளிலிருந்து தொடங்குகிறது.

படி 1: வினாக்களின் இயல்பை அறிந்துகொள்ளுதல்

2011 ஆகஸ்டுக்கு முன்பு இந்தத் தேர்வில் எதிர்ச்சொல் வினாக்களும் சொல் ஒப்புமை வினாக்களும் இருந்தன. ஒரு சொல்லுக்கு அகராதி தரும் பொருளை ஒப்பித்தவருக்கு அவற்றில் மதிப்பெண் கிடைத்தது. தேர்வை நடத்தும் இடிஎஸ் அமைப்பு அந்த ஆண்டு அவ்விரு வகைகளையும் நீக்கிவிட்டது. இன்றும் புழக்கத்தில் இருக்கும் பெரும் சொற்பட்டியல்கள் பல அந்தப் பழைய தேர்வின் மரபில் வந்தவை என்பதை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

2023 செப்டம்பர் 22 முதல் தேர்வு மேலும் சுருங்கி, மொத்தம் 1 மணி 58 நிமிடங்களில் முடிந்துவிடுகிறது. இதில் மொழித்திறனைச் சோதிக்கும் வெர்பல் பகுதி இரண்டு பிரிவுகளைக் கொண்டது: முதல் பிரிவில் 18 நிமிடங்களில் 12 வினாக்கள், இரண்டாவதில் 23 நிமிடங்களில் 15 வினாக்கள். முதல் பிரிவில் நாம் எப்படிச் செய்கிறோம் என்பதைப் பொறுத்தே இரண்டாம் பிரிவின் கடினம் அமைகிறது. மதிப்பெண் 130 முதல் 170 வரை வழங்கப்படும். தவறான விடைக்குக் கழிவு கிடையாது.

வெர்பல் வினாக்களில் ஏறக்குறைய பாதி, பத்தியைப் படித்து விடையளிக்கும் ரீடிங் காம்ப்ரிஹென்ஷன் வகை. மீதியில்தான் சொல்வளம் நேரடியாகச் சோதிக்கப்படுகிறது. டெக்ஸ்ட் கம்ப்ளீஷன் வகையில் ஒன்று முதல் மூன்று கோடிட்ட இடங்கள் இருக்கும்; ஓரிடம் மட்டும் இருந்தால் ஐந்து தெரிவுகளும், அதற்கு மேல் இருந்தால் ஒவ்வோர் இடத்துக்கும் மும்மூன்று தெரிவுகளும் தரப்படும். எல்லா இடங்களையும் சரியாக நிரப்பினால்தான் மதிப்பெண். சென்டென்ஸ் ஈக்குவலன்ஸ் வகையில் ஒரே கோடிட்ட இடத்துக்கு ஆறு சொற்கள் தரப்படும். அவற்றுள் வாக்கியத்துக்குப் பொருந்துவதுடன் ஏறத்தாழ ஒரே கருத்தையும் தரும் இரண்டைத் தெரிவு செய்ய வேண்டும். இங்கும் பாதி மதிப்பெண் கிடையாது.

இந்த இரு வகைகளிலும் தனிச்சொல்லுக்குப் பொருள் கேட்கப்படுவதில்லை. ஒரு வாக்கியம் எந்தத் திசையில் போகிறது, அந்தத் திசைக்கு எந்தச் சொல் இசைகிறது என்பதே கேள்வி. எனவே ஆயிரம் சொற்களை மேலோட்டமாகத் தெரிந்தவரைவிட, ஐந்நூறு சொற்களை அவை பழகும் இடங்களோடு சேர்த்து அறிந்தவருக்கே இங்கு அனுகூலம் அதிகம் என்பது என் துணிபு. மேலாண்மைப் படிப்பு நுழைவுக்கான ஜிமேட் தேர்வுக்குப் படிப்பவர்கள் இந்த அளவுக்குச் சொற்களோடு போராட வேண்டியதில்லை. அங்கு சொல்வளம் தனி வினாவாக வருவதில்லை.

படி 2: இப்போதைய நிலையை அளத்தல்

இடிஎஸ் தன் இணையதளத்தில் பவர்பிரெப் என்ற பெயரில் மாதிரித் தேர்வுகளை இலவசமாக வழங்குகிறது. அவற்றில் ஒன்றை, எந்தத் தயாரிப்பும் இல்லாமல், நேரக் கட்டுப்பாட்டோடு எழுதிப் பார்க்க வேண்டும். மற்றொன்றைத் தேர்வுக்கு இரண்டு வாரங்கள் முன்புவரை தொடாமல் வைத்திருப்பது நல்லது. எழுதி முடித்தபின் தவறிய வினாக்களை மூன்றாகப் பிரித்துப் பாருங்கள்: சொல்லே தெரியாமல் போனவை, சொல் தெரிந்தும் வாக்கியத்தின் போக்கு பிடிபடாமல் போனவை, நேரமின்மையால் விட்டவை. இரண்டாம் வகை மிகுந்திருந்தால் எத்தனை சொற்களைப் படித்தாலும் மதிப்பெண் எளிதில் நகராது. அப்படிப்பட்டவர் பட்டியலைக் குறைத்துக்கொண்டு ஐந்தாம், ஆறாம் படிகளில் கூடுதல் நேரம் செலவிட வேண்டும்.

படி 3: பட்டியலைத் தேர்ந்து, குழுக்களாகப் பிரித்தல்

முந்நூறு சொற்களில் தொடங்கி மூவாயிரத்துக்கும் மேல் வரை நீளும் பட்டியல்கள் கிடைக்கின்றன. மூன்று மாத அவகாசம் உள்ள ஒருவருக்கு 600 முதல் 900 சொற்கள் வரை கொண்ட ஒரே பட்டியல் போதுமானது. நாளுக்கு 10 புதிய சொற்கள் என்றால் 90 நாள்களில் 900 ஆகும். நாளுக்கு 40 என்று திட்டமிடுபவர்கள் மீள்பார்வைச் சுமையைக் கணக்கில் கொள்வதில்லை. இரண்டாவது வாரத்தில் பழைய சொற்களே நாளுக்கு நூற்றுக்கும் மேல் சேர்ந்துவிடும். இரண்டு மூன்று பட்டியல்களை ஒரே நேரத்தில் கையாள்வதும் வேண்டாம்.

பட்டியலை அகர வரிசையில் படிக்காமல் கருத்துவாரியாகக் குழுக்களாக்கிக்கொள்ள வேண்டும். குறைவாகப் பேசுவதைக் குறிக்கும் சொற்களை எடுத்துக்கொள்வோம். 'டாசிடர்ன்' என்பது இயல்பிலேயே அதிகம் பேசாத ஒருவரின் சுபாவத்தைக் காட்டும். 'ரெட்டிசன்ட்' என்பவர் தம் எண்ணங்களையும் சொந்த விவரங்களையும் வெளியிடத் தயங்குபவர். 'லகானிக்' என்பது பேச்சு அல்லது எழுத்தின் பாணி; சில சொற்களிலேயே முடித்துவிடுவது. 'டெர்ஸ்' என்பதிலும் சுருக்கம் உண்டு, ஆனால் அதோடு சற்றே வெடுக்கென்ற தொனியும் சேரலாம். 'சக்சிங்ட்' என்பது பாராட்டு. சுருக்கமாகவும் தெளிவாகவும் அமைந்ததற்குச் சொல்வது. இந்த ஐந்துக்கும் 'சுருக்கமான' என்று ஒரே பொருளை எழுதி வைத்துக்கொண்டவர் தேர்வில் எதைத் தெரிவு செய்வது என்று திகைப்பார். ஐந்தையும் அருகருகே வைத்துப் பார்த்தவருக்கு ஒவ்வொன்றின் எல்லையும் மற்றதால் தெளிவாகும்.

இந்த நுண்வேறுபாடுகளை உணர்வதற்குத் தமிழே நல்ல துணை. சிக்கனத்துக்கும் கஞ்சத்தனத்துக்கும் உள்ள வேறுபாட்டை நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. 'ஃப்ரூகல்' முதலாவதன் பக்கம் நிற்கிறது, 'பார்சிமோனியஸ்' பெரும்பாலும் இரண்டாவதன் பக்கம். உறுதிக்கும் பிடிவாதத்துக்கும் உள்ள இடைவெளியே 'ரெசல்யூட்', 'ஆப்ஸ்டினட்' ஆகியவற்றுக்கு இடையிலும் இருக்கிறது. சொல்லில் புகழ்ச்சி இருக்கிறதா இகழ்ச்சி இருக்கிறதா என்பதைத் தமிழில் ஒரு முறை எண்ணிப் பார்த்துவிட்டால், ஆங்கிலச் சொல்லின் நிறம் மறக்காது. ஆயினும் தொடர்ந்து தமிழிலேயே பொருள் பார்த்துக்கொண்டிருந்தால் தேர்வறையில் மொழிபெயர்ப்புக்கு நேரம் போகும். ஒரு சொல் நன்கு பழகியபின், அதற்கென எழுதும் அட்டையில் (அடுத்த படியில் காண்க) எளிய ஆங்கில விளக்கத்துக்கு மாறிக்கொள்ள வேண்டும்.

படி 4: அட்டை தயாரித்தலும் மீள்பார்வையும்

ஆயத்த அட்டைத் தொகுப்புகள் ஏராளமாகக் கிடைத்தாலும், நாமே தயாரிக்கும் ஃபிளாஷ் கார்டுக்கு வலிமை அதிகம், ஏனெனில் அதை எழுதும்போதே பாதி படித்துவிடுகிறோம். அட்டையின் முன்பக்கம் தனிச்சொல்லை மட்டும் எழுதாமல், அச்சொல் வரும் ஒரு முழு ஆங்கில வாக்கியத்தை எழுத வேண்டும். பின்பக்கம் ஒருவரிப் பொருள், புகழ்ச்சியா இகழ்ச்சியா நடுநிலையா என்ற குறிப்பு, அதோடு குழம்பக்கூடிய வேறொரு சொல் ஆகியவை இருந்தால் போதும். 'பார்சிமோனியஸ்' அட்டையில் ஒன்றைக் கூடுதலாகக் குறித்துக்கொள்ளலாம்: அறிவியல் கட்டுரைகளில் ஒரு விளக்கத்தை இச்சொல்லால் குறிப்பிட்டால் அது பாராட்டு, தேவைக்கு மேல் எந்த ஊகத்தையும் துணைக்கு அழைக்காத விளக்கம் என்று பொருள். ஆய்வுக் கட்டுரைகளின் நடையில் அமைந்த வினாக்கள் நிறைந்த தேர்வில் இத்தகைய பயன்பாடு வரக்கூடியதே.

எடுத்துக்காட்டு வாக்கியங்களை நாமே புனைவதைவிட அகராதியிலிருந்து எடுப்பது பாதுகாப்பானது. ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ், லாங்மன் ஆகியோரின் கற்போர் அகராதிகள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. அவற்றின் விளக்கங்கள் எளிமையானவை. மெரியம்-வெப்ஸ்டர் அகராதி பல சொற்களுக்குக் கீழே, நெருங்கிய பொருளுடைய சொற்கள் ஒன்றுக்கொன்று எப்படி வேறுபடுகின்றன என்பதைத் தனிக் குறிப்பாகத் தருகிறது. முன் சொன்ன குழுக்களைத் தயாரிப்பதற்கு அந்தக் குறிப்புகளைப் போல் பயன்படுவது வேறில்லை. ஒலிப்பையும் அங்கேயே கேட்டு, வாய்விட்டு ஓரிரு முறை சொல்லிப் பார்க்க வேண்டும். உச்சரிக்கத் தெரியாத சொல் கண்ணில் பட்டாலும் மனத்தில் தங்குவதில்லை.

மீள்பார்வையின் அறிவியல் பழையது. ஜெர்மானிய உளவியலாளர் ஹெர்மன் எபிங்ஹாஸ் பொருளற்ற அசைகளைத் தாமே மனப்பாடம் செய்து, அவை எவ்வளவு விரைவாக மறக்கின்றன என்று அளந்து 1885இல் வெளியிட்டார். மறதி தொடக்கத்தில் மிக வேகமாகவும் பிறகு மெதுவாகவும் நிகழ்கிறது என்பது அவர் கண்டது. அதனால்தான் முதல் மீள்பார்வை மறுநாளே நடக்க வேண்டும். அதன்பின் மூன்றாம் நாள், ஒரு வாரம், இரண்டு வாரம், ஒரு மாதம் என்று இடைவெளியை விரித்துக்கொண்டே போகலாம். (அவர் வேண்டுமென்றே பொருளற்ற அசைகளை எடுத்துக்கொண்டார். பட்டியலில் உள்ள சொற்களை நாம் வாக்கியமில்லாமல் படிக்கும்போது, அவற்றையும் ஏறத்தாழ அத்தகைய அசைகளாக்கிவிடுகிறோம்.)

இந்த இடைவெளிகளைக் கையால் நிர்வகிக்க விரும்புபவர்களுக்கு செபாஸ்டியன் லைட்னர் 1972இல் முன்வைத்த பெட்டி முறை இருக்கிறது. சில பெட்டிகளை வரிசையாக வைத்துக்கொண்டு, சரியாகச் சொன்ன அட்டையை அடுத்த பெட்டிக்கும் தவறிய அட்டையை மீண்டும் முதல் பெட்டிக்கும் மாற்ற வேண்டும். முதல் பெட்டியைத் தினமும், அடுத்தடுத்த பெட்டிகளை நாள்கள் தள்ளியும் பார்க்க வேண்டும். கணினியிலோ கைப்பேசியிலோ செய்ய விரும்புபவர்களுக்கு 2006இல் வெளிவந்த ஆங்கி என்ற மென்பொருள் இதே கணக்கைத் தானே போட்டுக்கொடுக்கிறது. எந்த முறையானாலும், பின்பக்கத்தைத் திருப்புவதற்கு முன் பொருளை மனத்தில் முழுமையாகச் சொல்லிப் பார்ப்பது கட்டாயம். 'தெரிந்த மாதிரி இருக்கிறது' என்பதற்கு மதிப்பெண் தரக்கூடாது. ரோடிகர், கார்ப்பிக்கே என்ற இரு உளவியலாளர்கள் 2006இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு பகுதியைத் திரும்பத் திரும்பப் படித்த மாணவர்கள் ஐந்து நிமிடம் கழித்து நடந்த சோதனையில் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்து நடந்த சோதனையிலோ, படித்ததை நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்களே முந்தினார்கள். பட்டியலைக் கண்ணால் ஓட்டுவது பயனுள்ளதாகத் தோன்றுவதற்கும், பிறகு கைவிடுவதற்கும் காரணம் இதில் இருக்கிறது.

வேர்ச்சொற்களைப் பற்றி இங்கேயே சொல்லிவிடலாம். ஆங்கிலத்தின் உயர்நடைச் சொற்களில் பெரும்பகுதி இலத்தீனிலிருந்தும் கிரேக்கத்திலிருந்தும் வந்தவை என்பதால், ஐம்பது அறுபது வேர்களைத் தெரிந்துகொள்வது நினைவுக்கு உதவும். நம்புதலைக் குறிக்கும் 'கிரெட்' என்ற வேரைப் பிடித்துக்கொண்டால் 'கிரெடென்ஸ்', எளிதில் ஏமாறும் 'கிரெடியுலஸ்', நம்ப மறுக்கும் 'இன்கிரெடியுலஸ்' ஆகிய மூன்றும் ஒன்றாக வரும். ஆனால் வேரைக் கொண்டு பொருளை ஊகிப்பது வேறு, படித்த பொருளை வேரோடு கட்டிவைப்பது வேறு. மந்தையைக் குறிக்கும் வேரிலிருந்து கூடிப் பழகும் இயல்பைச் சொல்லும் 'கிரிகேரியஸ்' வந்தது. அதே வேரிலிருந்துதான் 'எக்ரீஜியஸ்' என்பதும் வந்தது. மந்தையிலிருந்து தனித்துத் தெரிவது என்ற பொருளில் ஒரு காலத்தில் சிறப்பைக் குறித்த அச்சொல், இன்று கண்ணை உறுத்தும் அளவுக்கு மோசமானது என்றே பொருள்படும். வேரை மட்டும் நம்பியவர் இங்கே நேரெதிர்த் திசையில் போவார்.

தோற்றத்தால் ஏமாற்றும் சொற்களுக்கென்று ஒரு தனிக் குழு வைத்துக்கொள்வது மிகுந்த பலன் தரும். 'எனர்வேட்' என்பது 'எனர்ஜி'யை நினைவூட்டினாலும் வலுவிழக்கச் செய்வதையே குறிக்கும். 'நாய்சம்' என்பதற்கும் சத்தத்துக்கும் தொடர்பில்லை. துர்நாற்றம் வீசுவது என்பதே அதன் பொருள். 'ரெஸ்டிவ்' என்பவர் ஓய்வாக இல்லை, கட்டுக்கடங்காமல் நிலைகொள்ளாதிருக்கிறார். 'மெரிட்ரிஷியஸ்' என்பதில் தகுதி எதுவும் இல்லை, போலிப் பகட்டுதான் உண்டு. 'இன்ஜீனியஸ்' என்பவர் கூர்மதி உடையவர். 'இன்ஜெனுவஸ்' என்பவர் கள்ளமற்றவர்.

இதைவிட ஆபத்தானவை நமக்கு ஏற்கெனவே தெரியும் என்று நாம் நம்பும் எளிய சொற்கள். 'குவாலிஃபை' என்றால் தகுதி பெறுவது மட்டுமல்ல, ஒரு கூற்றுக்கு நிபந்தனை சேர்த்து அதன் வீச்சைக் குறைப்பதும்தான். 'ஹஸ்பண்ட்' வினையாக வரும்போது ஒரு வளத்தைப் பார்த்துப் பார்த்துச் செலவிடுவதைக் குறிக்கும். 'வான்ட்' பெயர்ச்சொல்லாக வந்தால் இன்மை. 'ஃபிளாக்' என்றால் தளர்ந்துபோதல், 'டெம்பர்' என்றால் மட்டுப்படுத்துதல், 'பெடஸ்ட்ரியன்' என்றால் எந்தச் சிறப்புமற்றது. 'சேங்ஷன்' அனுமதியையும் குறிக்கும், தண்டனைத் தடையையும் குறிக்கும். எது என்பதை வாக்கியம்தான் சொல்லும். வாக்கியத்துக்கு ஒட்டாததுபோல் தெரியும் ஓர் எளிய சொல் தெரிவுகளில் இருந்தால், அதற்கு இப்படி இரண்டாம் பொருள் இருக்கிறதா என்று ஒரு கணம் யோசிக்க வேண்டும்.

படி 5: படித்த சொற்களை வாசிப்பில் சந்தித்தல்

அட்டைகளுக்கு நாளுக்கு 40 நிமிடம் என்றால் வாசிப்புக்கும் அதற்குக் குறையாத நேரம் வேண்டும். 'தி எகானமிஸ்ட்', 'தி அட்லாண்டிக்', 'சயின்டிஃபிக் அமெரிக்கன்' போன்ற இதழ்களின் கட்டுரைகள் தேர்வின் நடைக்கு நெருக்கமானவை. நமக்குப் பிடித்த துறையிலேயே தங்கிவிடாமல் கலை விமரிசனம், உயிரியல், வரலாறு என்று மாற்றி மாற்றிப் படிப்பது நல்லது. முதல் வாசிப்பில் தெரியாத சொல்லுக்காக நிற்கக்கூடாது. அடிக்கோடிட்டு, பொருளை ஊகித்துவிட்டு, கட்டுரையை முடித்தபின் அகராதியைப் பார்த்து ஊகத்தைச் சரிபார்க்க வேண்டும். எல்லா அடிக்கோடுகளும் அட்டையாக வேண்டியதில்லை. வேறொரு கட்டுரையில் இரண்டாம் முறையும் எதிர்ப்படும் சொல்லுக்கு மட்டும் அட்டை எழுதலாம்.

படி 6: வாக்கியத்தின் திசையைப் பிடித்தல்

ஐந்தாவது வாரம் முதல் நாளுக்குப் பத்துப் பன்னிரண்டு வினாக்களையாவது செய்து பார்க்க வேண்டும். தெரிவுகளைக் கையால் மறைத்துக்கொண்டு வாக்கியத்தை மட்டும் படித்து, கோடிட்ட இடத்துக்கு நம் சொந்தச் சொல் ஒன்றை, தமிழிலாயினும் சரி, முதலில் இட்டுப் பார்ப்பதே அடிப்படைப் பயிற்சி. 'ஆல்தோ', 'டெஸ்பைட்', 'நாட்வித்ஸ்டேண்டிங்' ஆகியவை வந்தால் வாக்கியம் திசை மாறுகிறது. 'இன்டீட்', 'ஹென்ஸ்' வந்தால் அதே திசையில் தொடர்கிறது. முக்காற்புள்ளி வந்தால் அதற்குப் பின்னால் வருவது பெரும்பாலும் முன்னால் சொன்னதன் விளக்கம்.

ஒரு வினாவை அமைத்துப் பார்ப்போம். 'அந்த அறிஞர் பொதுவாகக் குறைவாகவே பேசுபவர் என்றாலும், தம் ஆய்வைப் பற்றி யாராவது கேட்டுவிட்டால் ______ ஆகிவிடுவார்' என்பது வாக்கியம். தெரிவுகள்: 'வோல்யுபிள்', 'ட்ரக்குலன்ட்', 'லூசிட்', 'லொக்வேஷியஸ்', 'டிஃபிடன்ட்', 'பெலிஜரன்ட்'. 'என்றாலும்' என்பது திசை மாற்றத்தைக் காட்டுவதால், நம் சொந்தச் சொல் 'நிறையப் பேசுபவர்' என்பதாக இருக்கும். தெளிவாகப் பேசுவதைக் குறிக்கும் 'லூசிட்' வாக்கியத்தில் ஓரளவு ஒட்டுவதுபோல் தோன்றினாலும் அதற்கு இணை இல்லை. 'ட்ரக்குலன்ட்', 'பெலிஜரன்ட்' இரண்டும் சண்டைக்கு நிற்கும் இயல்பைக் குறிப்பதால் அருமையான இணைதான். ஆனால் வாக்கியத்தில் சண்டைக்கு இடமே இல்லை. கூச்சத்தைச் சொல்லும் 'டிஃபிடன்ட்' வாக்கியத்தின் முதல் பாதியோடு நிற்கிறது. மிஞ்சுபவை 'வோல்யுபிள்', 'லொக்வேஷியஸ்'. இணைச்சொற்களை மட்டும் தேடுபவரைப் பிடிக்க ஒரு கண்ணி, பொருத்தத்தை மட்டும் பார்ப்பவரைப் பிடிக்க இன்னொன்று என்று தெரிவுகளை அமைப்பது இந்த வகை வினாவின் வழக்கம்.

தவறிய ஒவ்வொரு வினாவையும் குறிப்பேட்டில் எழுதும்போது, சரியான விடையோடு நாம் தெரிவு செய்த சொல் ஏன் ஒவ்வாது என்பதையும் ஒரு வரியில் எழுத வேண்டும். பயிற்சி வினாக்களை இயன்றவரை இடிஎஸ் வெளியிட்டவற்றிலிருந்தே எடுப்பது நல்லது. பிற நிறுவனங்களின் வினாக்கள் சிலவற்றில் அரிய சொற்களை மிகுதியாகத் திணித்துக் கடினத்தை உண்டாக்குகிறார்கள். உண்மைத் தேர்வில் கடினம் வாக்கியத்தின் அமைப்பிலிருந்தே பெரிதும் வருகிறது.

படி 7: கடைசி இரண்டு வாரங்கள்

புதிய சொற்களை இத்துடன் நிறுத்திவிட வேண்டும். அட்டைகளில் அடிக்கடி தவறுபவற்றை மட்டும் தனியே எடுத்து, அவற்றுக்கு வேறு வாக்கியம் தேடி அட்டையையே புதிதாக எழுதுவது, பழைய அட்டையை மேலும் இருபது முறை புரட்டுவதைவிடப் பயனுள்ளது. ஒதுக்கி வைத்திருந்த பவர்பிரெப் தேர்வை இப்போது எழுதலாம். நேரத்தைப் பார்த்தால் ஒரு வினாவுக்குச் சராசரியாக ஒன்றரை நிமிடம் கிடைக்கிறது. சொல் வினாக்களை ஒரு நிமிடத்துக்குள் முடிப்பவருக்குத்தான் நீண்ட பத்திகளைப் படிக்க அவகாசம் இருக்கும். கட்டுரை எழுதும் பகுதியில் புதிதாகக் கற்ற அரிய சொற்களைக் காட்சிக்கு வைக்கும் ஆசையையும் அடக்கிக்கொள்ள வேண்டும். அங்கு தட்டச்சு செய்யத் தரப்படும் மென்பொருளில் எழுத்துப்பிழை திருத்தியும் கிடையாது.

தேர்வறையில் தெரியாத சொற்கள் நிச்சயம் வரும். அப்போது தெரிந்த தெரிவுகளை முதலில் வாக்கியத்தில் இட்டுப் பார்த்து, ஒவ்வாதவற்றைத் தள்ளிவிட வேண்டும். தெரிந்தவற்றுள் எதுவும் சரியாக ஒட்டவில்லை என்றால், தெரியாத சொல்லைத் துணிந்து தெரிவு செய்யலாம். சற்றே ஒட்டும் தெரிந்த சொல்லைவிட அதற்கே வாய்ப்பு அதிகம். சென்டென்ஸ் ஈக்குவலன்ஸில் பொருந்தும் சொல் ஒன்று உறுதியாகத் தெரிந்து அதன் இணை தெரியாவிட்டால், உறுதியாகத் தவறானவற்றை நீக்கிவிட்டு மிஞ்சியவற்றில் ஒன்றைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். எந்த வினாவையும் வெறுமையாக விடாமல், ஒரு விடையைக் குறித்து, மீண்டும் பார்ப்பதற்கான அடையாளத்தையும் இட்டுவிட்டு அடுத்ததற்குச் செல்லலாம். அந்தப் பிரிவின் நேரம் முடியும்வரை திரும்பி வந்து விடையை மாற்றிக்கொள்ள அனுமதி உண்டு.